அப்பாவுக்கு, வாட்ஃபோர்டிலிருந்து

வாட்ஃபோர்ட்
இங்கிலாந்து
நவம்பர் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. 'தமிழ் மறந்துவிட்டதா, அல்லது தபால் தலை கிடைக்கவில்லையா' என்று கேட்டிருந்தீர்கள். மூன்று மாதம் எழுதாதது தப்புதான். போனில் பேசுகிறோமே என்று சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. இந்த மாதம் வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறார்கள். நல்லதுக்குத்தான், முதுகுக்கு ஓய்வு.

ஓய்வு நாளில் என்ன செய்கிறாய் என்று கேட்டீர்களே, சொல்கிறேன். இங்கிருந்து நாலு மைலில் லெட்ச்மோர் ஹீத் என்று ஒரு குக்கிராமம். அதை ஒட்டித்தான் நான் போகிற கிருஷ்ணன் கோயில். பீட்டில்ஸ் பாட்டுக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1973இல் வாங்கிக் கொடுத்த பெரிய பங்களா. கொட்டிலில் மாடு நிற்கிறது. வைக்கோல் வாசனைக்காகவே போவேன்.

இதை எங்கள் தெருக் குப்பைத்தொட்டித் தாத்தாவிடம் சொன்னேன். (உங்கள் பேரன் முகில் வைத்த பெயர் இங்கே சிவா அண்ணை வரைக்கும் நிலைத்துவிட்டது. தாத்தா இப்போதும் தெருவிலுள்ள எல்லாத் தொட்டிகளையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டுத்தான் தூங்கப் போகிறார்.) அவர் முகம் மாறிவிட்டது. "அந்த ஊருக்கா போனாய்? அங்கே எல்லாரும் மயங்கி விழுந்தார்களே!" நான் விஷவாயு ஏதோ கசிந்துவிட்டது என்று பயந்தேன். அப்புறம்தான் சொன்னார், சினிமாவாம். 'வில்லேஜ் ஆஃப் தி டாம்ட்', 1960இல் அந்த ஊரிலேயே எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரே டிவிடியோடு வந்துவிட்டார். லலிதா அக்கா அனுப்பிய கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைச் சுட்டு வைத்தேன். தாத்தா அதை டீயில் முக்கித் தின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கதை இதுதான். ஒரு காலையில் ஊரே அப்படி அப்படியே சாய்கிறது. டிராக்டர்காரன் ஸ்டீயரிங்கிலேயே விழுந்து கிடக்கிறான், வண்டி சுற்றிக்கொண்டிருக்கிறது. எட்டிப் பார்க்கப் போன போலீஸ்காரரும் பாதி வழியில் விழுகிறார். சில மணி நேரத்தில் எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள். ஆனால் கொஞ்ச நாளில், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள் எல்லாரும் கர்ப்பம். பன்னிரண்டு குழந்தைகள், வெள்ளை முடி, ஒன்று கற்றுக்கொண்டால் எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். முறைத்தால் போதும், நினைத்ததைச் செய்ய வைக்கும். பால் சூடாக இருந்தது என்று ஒரு கைக்குழந்தை பார்த்த பார்வையில், தாய் போய்க் கொதிக்கிற தண்ணீரில் கையை விடுகிறாள். ரத்தம், அலறல் எதுவும் கிடையாது. எனக்கு அப்பளம் இறங்கவில்லை.

படம் எழுபத்தேழு நிமிடம்தான். அதைப் பற்றிய சண்டை ராத்திரி பத்து மணி வரைக்கும் போனது. தாத்தா பத்து வயதில் அம்மாவோடு தியேட்டரில் பார்த்தாராம். அப்போது அந்தக் குழந்தைகளின் கண்கள் இப்படி ஒளிரவில்லை, அதுதான் பயமாக இருந்தது என்கிறார். இங்கே முதலில் காட்டிய பிரதிகளில் அந்த ஒளி இல்லையாம். "நாங்கள் எல்லாரும் குழந்தைகள் கட்சி. மறுநாள் பள்ளியில் வாத்தியாரையே முறைத்துப் பார்த்தோம்" என்று சிரித்தார்.

கூடப் பார்த்த லிஸி சேச்சிக்குக் கோபம். அதிகாரிகள் உட்கார்ந்து கூட்டம் போடுகிறார்கள், பேசுகிறார்கள், பெற்றவளை ஒருத்தராவது கேட்டார்களா என்றாள். சரியான கேள்வி. சிவா அண்ணை வேறு மாதிரி. "நல்லா உடுத்து, நல்லா படிச்சு, கூட்டமாப் போற பிள்ளையள். ஊருக்குப் பிடிக்கேல்லை, தீப்பந்தம் தூக்கிட்டினம்." கார்க்காரனைச் சுவரில் மோத வைத்துக் கொன்றார்களே என்று சேச்சி கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் அவர் சொன்ன இன்னொன்று உண்மை: கோயிலுக்கு வருகிற கூட்டம் அதே ஊருக்குள் கூடாது என்று வருடக்கணக்கில் வழக்கு நடந்து, 1996இல்தான் தனிப்பாதைக்கு அனுமதி கிடைத்தது. நான் போவது அந்தப் பாதையில்தான்.

படத்தின் கடைசியில், அந்தக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் வாத்தியார் பெட்டியில் வெடிகுண்டோடு அவர்கள் முன்னால் உட்காருகிறார். மனதைப் படித்துவிடுவார்களே, அதனால் ஒரு செங்கல் சுவரையே நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்குப் பிடித்திருக்கும் அப்பா, அவரும் பாடம் நடத்துகிறவர்தான். இந்த வித்தை அம்மாவிடம் பலிக்காது. 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருப்பாளே, அதிலேயே சுவர் விழுந்துவிடும்.

என்னைப் பிடித்துக்கொண்டது, படத்தில் அந்த வாத்தியாரின் மகனாக வருகிற பையனின் மரியாதைதான். அப்பா அம்மாவிடம் ஒரு சொல் தப்பாகப் பேச மாட்டான். விருந்தாளி மாதிரி பேசுவான். போன சனிக்கிழமை முகில் போனில், "நல்லா இருக்கேன்பா. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றான். எப்போதிலிருந்து 'நீங்க'? ஏர்போர்ட்டில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு 'நீ போகாத' என்று சொன்ன பையன். நீங்கள்தான் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். தப்பே இல்லை, நானும் உங்களை அப்படித்தானே கூப்பிடுகிறேன். இந்தப் பராமரிப்பு வேலை விசாவில் குடும்பத்தைக் கூட்டிவர 2024 மார்ச்சிலிருந்து வழியில்லை என்பது அவனுக்கு எப்படிப் புரியும். செல்வியிடம் இதைச் சொல்ல வேண்டாம், அழுவாள். அவனிடமும் திருத்த வேண்டாம். தானாக வந்தால் வரட்டும்.

சரி, வீட்டு விஷயம். கீழ்ப்பக்க மதில் மழையில் சாய்ந்ததை எழுதியிருந்தீர்கள். செங்கல் இப்போது வாங்க வேண்டாம். தை பிறக்கட்டும், விலை இறங்கும். அதுவரை தகரம் வைத்துக் கட்டிவிடுங்கள். சர்வேயர் வருகிற அன்று அத்தானைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் தனியாகப் பேச வேண்டாம். பழைய பத்திரம் பீரோவில் மேல்தட்டில், அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. வங்கியிலிருக்கும் செல்வியின் வளையலுக்கு இந்தத் தடவை வட்டியை மட்டும் கட்டுங்கள். மீட்பதை அப்புறம் பார்க்கலாம். அம்மாவின் சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டாம், நாட்டு வைத்தியர் யார் சொன்னாலும் சரி.

முகிலுக்கு ஷூ வாங்கி, ஊருக்கு வருகிற சேச்சியின் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் காலைத் தாளில் வைத்து வரைந்து, அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள். நீங்கள் வரைய வேண்டாம், அவனையே வரையச் சொல்லுங்கள்.

அன்பு மகன்
ரவி