சுண்ணாம்பு மேட்டில் புல் முளைக்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அரியலூர் மாவட்டம் கல்லங்குறிச்சிப் பக்கம், சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்த எங்கள் பட்டா நிலத்தில் இந்த ஐப்பசி மழைக்குக் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கிறது. சுரங்கக் குத்தகை முடிந்து கைக்கு வந்தபோது அது வெறும் வெள்ளை மேடு. மண்வெட்டி போட்டால் சுமார் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் சிப்பிதான் கிளம்பும். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் மரம் நட்டவர்களைத்தான் பாராட்டுகிறார்கள். நட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், எங்கள் முதல் நன்றி மண் கொடுத்தவர்களுக்கு.

பண்ணைக்குட்டை வெட்டிய பக்கத்துக் காட்டுச் சித்தப்பா, மேலே இருந்த ஓரடி மண்ணை அடிமண்ணோடு கலக்காமல் தனியே ஒதுக்கி வைத்தார். "குவிச்சே கிடந்தா செத்துப்போகும், சீக்கிரம் எடுங்கடா" என்று விடாமல் போன் செய்தார். அவர் சொன்னது சரி. விதையும் நுண்ணுயிரும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, உயரமாகக் குவித்து மாதக்கணக்கில் விட்டால் வீணாகிவிடும். சுரங்கச் சட்ட விதிகளே மேல்மண்ணைத் தனியாகச் சேமிக்கச் சொல்கின்றன. எங்கள் நிலத்து மேல்மண் கழிவோடு கலந்து எங்கே போனதோ!

அந்த மண்ணைப் பரப்பிய ஜேசிபி தம்பியை எப்படிப் பாராட்டுவது? பரப்பிய இடத்தில் மறுபடி சக்கரம் ஏறாதபடி பின்னால் நகர்ந்துகொண்டே வேலை செய்தார். ஏறியிருந்தால் மண் இறுகி, வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. யாரும் சொல்லித் தந்ததில்லையாம், சொந்த யோசனை.

மண் பரிசோதனைக் கூடத்து அம்மாவுக்கு எங்கள் கும்பிடு. கொண்டுபோன மண்ணில் ஒரு சொட்டு அமிலம் விட்டார், சோடா மாதிரி பொங்கியது. ஜிப்சம் போடலாமா என்று கேட்டோம். "அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு. இங்கே சுண்ணாம்பு ஏற்கெனவே தலைக்கு மேலே இருக்கு" என்று சிரித்தார். மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, சுண்ணாம்பு கட்டிப்போட்டுவிடும், அதனால் உரமூட்டையை விட மக்கிய எருவும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா நுண்ணுயிரும்தான் முக்கியம் என்று எழுதியே கொடுத்தார். அவர் பேச்சால் எங்களுக்கு மிச்சமான பணம் கொஞ்சநஞ்சமல்ல.

எருவுக்கு, ஊர் ஊராக ஆட்டு மந்தை ஓட்டிவரும் கீதாரி அய்யா. ராமநாதபுரத்திலிருந்து வந்தவர், வயல்களில் கிடை போட ஆயிரம் பேர் அழைக்க, புல் பூண்டு இல்லாத எங்கள் மேட்டில் பாதிக் கூலிக்கு மந்தையைப் படுக்க வைத்தார். பகலில் எங்கோ மேய்ந்த ஆடுகள் இரவில் புழுக்கையும் மூத்திரமும் இங்கே விட்டன. அதற்குப் பிறகுதான் பலதானியம் விதைத்தோம், பூவெடுத்ததும் மடக்கி உழுதோம். அப்புறம் கொழுக்கட்டைப் புல்லும், முயல் மசால் என்கிற தீவனப் பயிரும்.

உள்ளூர் ஆட்டுக்காரர்களுக்குத் தனி நன்றி. புல் தலைகாட்டிய பிறகும், "வேர் பிடிக்கட்டும்" என்று ஆடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனீர்கள். கோடையில் அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று எங்களுக்குத் தெரியும். சுரங்கம் முடிந்த நிலத்தில் புல் வளர்த்து, தீவனம் விளையும்படி திருப்ப வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்கும்படி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் குத்தகை அதற்கு முன்பே முடிந்த கதை. அந்த வேலையை ஊர்தான் செய்தது.

வேம்பு, புங்கன், உசில், இலந்தைக் கன்றுகள் தந்த பள்ளிப் பிள்ளைகளுக்கும், தண்ணீர் டேங்கர் அனுப்பிய அண்ணனுக்கும் நன்றி. தைல மரக் கன்று இலவசம் என்று வந்தவர்களுக்கும் நன்றி, வாங்காததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மார்கழி கடைசியில் புல் அறுக்கலாம். ஆட்டுக்காரர்கள் கட்டு கட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். ஆடுகளை உள்ளே விடுவதை மட்டும் அடுத்த ஆண்டு பேசிக்கொள்வோம். கீதாரி அய்யா, மாசியில் கிழக்குச் சரிவுக்குக் கிடை வேண்டும். இந்த முறை முழுக்கூலி.

இப்படிக்கு,
பட்டாதாரர்கள் மூவர் சார்பாக, இளையவன்