வொற்றோ களத்தை விட்டு நின்ற நாட்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா இறந்து, அவருடைய அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாளே நீ கல்கரிக்குத் திரும்பி வேலைக்குப் போனபோது, பொறுப்பான பிள்ளை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். இரவில் நெஞ்சு படபடத்து எழுந்து விடியும்வரை உட்கார்ந்திருக்கிறாய் என்று அக்கா சொன்ன நாளிலிருந்து, அந்தப் பெருமை எனக்கு இல்லை. அப்பா உயிராக நேசித்த பேஸ்போல் வீரர் ஜோயி வொற்றோவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் ரொறன்ரோவின் எற்றோபிக்கோவில் வளர்ந்த பையன் அவர். 2002இல் அமெரிக்காவின் சின்சினாற்றி ரெட்ஸ் அணி தெரிவுசெய்து, 2007 செப்டெம்பரில் பேஸ்போலின் மேல்மட்டமான பெரிய லீக்கில் களமிறக்கியது. சமையல் கலைஞரான அவருடைய தகப்பனார்தான் வீட்டு முற்றத்தில் பந்தெறிந்து அவரைப் பழக்கியவர். அந்தத் தகப்பனார் 2008 ஆகஸ்டில், 52 வயதில், திடீரென்று காலமானார். வொற்றோ சில நாட்களிலேயே அணிக்குத் திரும்பி, துக்கத்தை உள்ளே அழுத்திக்கொண்டு அந்தப் பருவத்தை ஆடி முடித்தார். ஆட்டம் இல்லாத குளிர்காலத்தில் அது அவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு பருவத்தின் நடுவே, ஓர் இரவு தனியாக இருந்தவர், செத்துவிடுவோமோ என்ற பயத்தில் 911ஐ அழைக்க வேண்டியதாயிற்று.

அதன்பின் அவர் செய்ததைத்தான் நீ கவனிக்க வேண்டும். விளையாட்டை நிறுத்தி, வைத்தியர்களிடம் போய், 2009 ஜூனில் இதே ரொறன்ரோவில் மீண்டும் களமிறங்கியபோது, தனக்கு மனச்சோர்வும் பதற்றமும் இருந்தன என்று பத்திரிகையாளர் முன்னால் மறைக்காமல் சொன்னார். விளையாட்டு வீரர்கள் முழங்கால் வலியைச் சொல்வார்களே தவிர இதைச் சொல்லத் துணியாத காலம் அது. அப்பா உன்னை ரோஜர்ஸ் சென்ரர் மைதானத்துக்குக் கூட்டிப் போனது அந்த ஆட்டத்துக்குத்தான். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது, திரும்பி வரும்போது ரயிலில் அப்பாவின் தோளில் நித்திரையாகிவிட்டாய்.

அந்த ஓய்வால் அவர் எதையும் இழக்கவில்லை. 2009ஐ .322 என்ற அடிச் சராசரியோடு, அதாவது ஆயிரத்துக்கு 322 அடி என்ற கணக்கோடு முடித்தார். 2010இல் 37 ஹோம் ரன்கள் அடித்து, பெரிய லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருதை, முதலிடத்துக்கான 32 வாக்குகளில் 31ஐப் பெற்று வென்றார். லாரி வோக்கருக்கும் ஜஸ்ரின் மோர்னோவுக்கும் பிறகு அந்த விருதைப் பெற்ற மூன்றாவது கனேடியர் அவர்.

அப்பாவுக்கு விருதுகளைவிட அவருடைய பொறுமைதான் பிடிக்கும். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் ஆட்டமிழப்பு, இரண்டு ஆனதும் வொற்றோ கைகளைத் துடுப்பில் மேலே நகர்த்திப் பிடிப்பார். உடனே அப்பா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "இனித்தான் பார்" என்பார். கெட்ட பந்தை அவர் தொடவே மாட்டார். வீசுபவர் சலித்து நான்காவது தவறான பந்தையும் எறியும்வரை காத்திருந்து முதல் பேஸுக்கு நடந்து போவார். இப்படி பேஸை அடையும் விகிதத்தில் ஏழு பருவங்கள் தேசிய லீக்கில் முதலிடம் பெற்றார், மொத்தக் கணக்கு .409, அதாவது பத்துத் தடவை போனால் நான்கு தடவைக்குச் சற்று மேல். இதைக் கண்டு பலர், அடிக்காமல் நிற்கிறார் என்று குறை சொன்னார்கள், எனக்கு அது நியாயமாகவே படவில்லை.

பதினேழு பருவங்களும் ரெட்ஸுக்காகவே ஆடி 356 ஹோம் ரன்கள் அடித்தவர், 2024இல் ரொறன்ரோ அணியான புளூ ஜேஸோடு ஒப்பந்தம் செய்தபோது, சொந்த ஊரில் ஆடுவார் என்று அப்பா மிகவும் எதிர்பார்த்தார். கணுக்கால் காயத்தால் அது பிந்தியது. பஃபலோவில், பெரிய லீக்குக்குக் கீழ்மட்டமான சிறு லீக்கில் ஆடிக்கொண்டிருந்தபோதே, ஆகஸ்டில், நாற்பது வயதில், தன்னால் முன்போல ஆட முடியவில்லை என்று சொல்லி ஓய்வு பெற்றார். பஃபலோவுக்குப் போய்ப் பார்ப்போம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்கள் போகவில்லை.

தம்பி, நீ கேட்டால் உன் மேலாளர் விடுமுறை தருவார் என்று அக்கா சொல்கிறாள். இந்தக் கிழமையே வைத்தியரிடம் நேரம் எடுத்து, நித்திரை வராததையும் படபடப்பையும் ஒன்றும் குறைக்காமல் சொல். இரவில் திரும்பவும் அப்படி வந்தால், எத்தனை மணியானாலும் எனக்குத் தொலைபேசி எடு. இங்கே உன்னைவிட இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே விடிந்துவிடும். நானும் இப்போது நான்கு மணிக்கே எழுந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா