வாண்டுமாமாவுக்கு நூறு வயது, அலமாரிக்குப் பூட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025இல் வாண்டுமாமாவுக்கு நூறு வயது நிறைந்தது. அந்த வருடம் முழுக்க நம் வேலூர்ப் பக்கம் அவர் பெயரில் ஒரு சின்னக் கூட்டம்கூட நடந்ததாக என் காதுக்கு எட்டவில்லை. உங்கள் பேப்பரிலும் என் கண்ணில் எதுவும் படவில்லை. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

இப்போதைய பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில் 1925இல் பிறந்தார். பெரியவர்களுக்குக் கௌசிகன் என்ற பெயரிலும் பிள்ளைகளுக்கு வாண்டுமாமா என்ற பெயரிலும் எழுதினார். கல்கி, கோகுலம், அப்புறம் 1984இல் தொடங்கிய பூந்தளிர் என்று வாழ்நாள் முழுக்கப் பத்திரிகை வேலைதான். 150க்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதி, 2014இல் காலமானார்.

நான் குடியாத்தத்தில் நெசவுத் தெருவில் வளர்ந்தவள். அப்போது இது வட ஆற்காடு மாவட்டம். அம்மா, பெரியம்மா, எதிர்வீட்டு அக்கா மூன்று பேரும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு திண்ணையில் பீடி சுற்றுவார்கள். நனைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூள் போட்டு உருட்டி, தலையை மடக்கி நூல் கட்டுகிறவரை கை நிற்காது, பேச்சும் நிற்காது. அப்பா வேலூருக்கு லுங்கி கொடுக்கப் போகும்போதெல்லாம் பழைய பேப்பர் கடையில் பூந்தளிரை எடைக்கு வாங்கி வருவார். அட்டை இருக்காது, சிலதில் கடைசிப் பக்கமே இருக்காது. அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது என் வேலை. கபீஷ் குரங்கின் வால் நீண்டுகொண்டே போகிற இடம் வந்தால் பெரியம்மா நூலைப் பல்லில் கடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார், ‘இன்னிக்கு ஆயிரம் சேராதுடி’ என்று அம்மா அதட்டுவார். கபீஷ் அனந்த் பை என்பவர் உருவாக்கிய படக்கதைக் குரங்குதான், ஆனால் பூந்தளிரில் அது பேசிய தமிழ் எங்கள் திண்ணைக்கு அந்நியமாகவே இல்லை. வாண்டுமாமாவே எழுதி ஓவியர் செல்லம் படம் போட்ட ‘பலே பாலு’ படக்கதையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், எங்கள் தெருவில் நாலு பாலு இருந்தார்கள்.

அவர் பிள்ளைகளை உட்கார வைத்து உபதேசம் செய்ததில்லை. கதை ஓடும், கூடவே ஒரு விஷயம் நமக்குள் வந்து சேர்ந்திருக்கும். நாம் தினமும் புழங்குகிற பொருளெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ‘தோன்றியது எப்படி’ என்று எழுதினாரே, அந்த மாதிரிப் பக்கங்களைப் படித்த பிறகுதான், தீப்பெட்டி கம்பெனிகள் உள்ள ஊரில் பிறந்த நான் தீக்குச்சியை முதலில் யார் செய்திருப்பார்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். பள்ளியில் யாரும் என்னை அப்படிக் கேட்க வைத்ததில்லை.

சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் விருதைக் கொடுக்கத் தொடங்கியதே 2010இல்தான். அது அவருக்குக் கிடைக்காமலே போனது. 2021இல் வந்தவாசியில் இருக்கிற மு. முருகேஷுக்குக் கிடைத்தபோது பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் என்ற முறையில் எங்களுக்கும் பெருமையாக இருந்தது. முன்னோடிக்குக் கிடைத்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

சரி, எழுத உட்கார்ந்த காரணம் இதுதான். என்னிடம் பதினோரு பழைய பூந்தளிர் மிச்சம் இருக்கிறது. லீவுக்கு வந்த தங்கை மகன், ஆறாம் வகுப்பு, எப்போதும் கையில் போனோடு இருப்பவன், இரண்டே நாளில் அத்தனையையும் படித்துவிட்டு ‘தொடரும்னு போட்டிருக்கே பெரியம்மா, மீதி எங்கே?’ என்று நின்றான். அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போனேன். போட்டித் தேர்வுப் புத்தகம் மூன்று அலமாரி நிறைய இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன், வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் சிறுவர் அலமாரி பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் லீவாம். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு தலைப்பாக வாசித்தான். வாண்டுமாமா ஒன்றுகூட இல்லை. ‘கிழிச்சிடுவாங்கம்மா, அதான் பூட்டி வெச்சிருக்கோம்’ என்று அங்கிருந்தவர் சொன்னார். கிழியட்டுமே, எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் கிழிந்த புத்தகம்தானே!

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக நம்மிடம் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் வேலூர் மாவட்டத்து நூலகங்கள் ஒவ்வொன்றிலும் வாண்டுமாமா புத்தகம் பத்தாவது வாங்கி வைக்க வேண்டும், பிள்ளைகள் கையில் எடுக்கிற உயரத்தில், பூட்டில்லாமல். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கம் ஒதுக்கி, உரிமை உள்ளவர்களிடம் அனுமதி வாங்கி, அவர் கதை ஒன்றைத் தொடராகப் போடுங்கள். பெரியம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, படித்துக் காட்ட வீட்டில் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.