சட்டைக்கு எடுக்கிற அளவு சைக்கிளுக்கு வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுகிற சைக்கிள்) வாங்குவோருக்காக முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். எடை எவ்வளவு, எத்தனை கியர், பிரேம் அலுமினியமா கார்பனா என்று எல்லாம் இருந்தது. அதில் உட்காரப்போகிற ஆளின் அளவைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. நான் 22 வருடமாகத் தையல் வேலை செய்பவள். அளவு எடுக்காமல் துணியில் கத்திரி வைக்க எனக்குக் கை வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் முதல் ரோடு பைக்கை வாங்கியபோது கடையில் கேட்டது உயரத்தை மட்டும்தான். 160 சென்டிமீட்டர் என்றேன். இருப்பில் இருந்த 52 சைஸ் பிரேம் வண்டியை எடுத்துக் கொடுத்து, “ஓட்ட ஓட்டப் பழகிடும்” என்றார்கள். பழகவில்லை. ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்ததால் உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கியது. அரை மணி நேரத்தில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகும். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஓடுகிற நரம்பு அழுந்தினால் அப்படி ஆகும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஐயா, நான் பிழைப்பது அந்த விரல்களால். சில நாள் வேலைக்கு உட்கார்ந்தால் துணி விரலில் படுவதே சரியாகத் தெரியாது. நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு வண்டியை விற்றேன். அந்த நாலு மாதமும் குறை என் உடம்பில்தான் என்று நினைத்திருந்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

இரண்டாம் முறை, அளவெடுத்துப் பொருத்தித் தருகிற ஒருவரிடம் போனேன். அவர் முதலில் வண்டியையே காட்டவில்லை. செருப்பைக் கழற்றிச் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கச் சொன்னார். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே முட்டும்வரை தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை டேப் வைத்தார். 74 சென்டிமீட்டர். பேன்ட் தைக்க நான் எடுக்கிற அதே உள்கால் அளவு! அதை 0.883-ஆல் பெருக்கினால் 65.3. பெடல் தண்டுகள் இரண்டையும் இணைத்துச் சுழல்கிற பிரேமின் அடி அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம்வரை அவ்வளவு இருக்கவேண்டும். 1986, 1989, 1990 என மூன்று முறை டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்டின் பெயரால் வழங்குகிற கணக்கு இது. “இது ஆரம்பம்தான், மிச்சத்தை உங்க முழங்கால் சொல்லும்” என்றார்.

அப்புறம் ஒரு நெளி அட்டைமேல் உட்காரவைத்தார். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. உட்காரும் எலும்பு இரண்டும் பதிந்த இடம். அந்தப் பள்ளங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை வைத்துத்தான் சீட்டின் அகலத்தை முடிவு செய்தார். தோள் எலும்புகளுக்கு இடையே 38 சென்டிமீட்டர் என்பதால் ஹேண்டில்பாரும் 38. என் பழைய வண்டியில் இருந்தது 42.

வண்டியை ஸ்டாண்டில் பூட்டி மிதிக்கவிட்டபோதுதான் எனக்கு மனசு நிறைந்தது. நிற்கிற உடம்பின் அளவு வேறு, அசைகிற உடம்பின் அளவு வேறு. சட்டையைப் போட்டுக் கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்காமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அவரும் அப்படித்தான் பார்த்தார். பெடல் அடிமட்டத்துக்குப் போகிறபோது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கவேண்டுமாம். சீட் ரொம்ப உயரமானால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், முழங்காலின் பின்புறம் வலிக்கும். தாழ்ந்தால் முன்புறம். ஹேண்டில்பாரைத் தாங்குகிற ஸ்டெம்மை 100 மில்லிமீட்டரிலிருந்து 80-க்கு மாற்றினார். பிரேக் லீவரில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் லீவர் உள்ளே வந்து சின்னக் கைக்கும் எட்டும். இரண்டு நிமிட வேலை. முதல் வண்டியில் யாரும் அதைச் சொல்லவே இல்லை.

முதல் சவாரி விடியற்காலையில். 18 கிலோமீட்டர். வண்டி முன்னே இழுத்துக்கொண்டு போவது போலிருந்தது. புது டிஸ்க் பிரேக் முதலில் சரியாகப் பிடிக்காது என்று சொல்லியிருந்தார்கள். ஆளில்லாத நேர்ச்சாலையில் வேகமெடுத்து, நிறுத்தாமல் மெல்ல வேகத்தைக் குறைப்பதை இருபது தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் பிடி கூடுவது விரலில் தெரிந்தது. முக்கால் மணி நேரம் கழித்துச் சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தேன். உணர்ச்சி இருந்தது. கொஞ்ச தூரம் கண் கலங்கியபடிதான் ஓட்டினேன்.

ஒரு வாரம் கழித்து வலது முழங்காலின் முன்பக்கம் லேசாக வலித்தது. சீட் குழாயில், கிளாம்புக்கு ஒட்டினாற்போலத் தையல் சாக்கால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். கோட்டைக் காணோம். டேப் வைத்தால் 64.7. போல்ட் நெகிழ்ந்து சீட் 6 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஏற்றிச் சரியான அளவுக்கு முறுக்கியதும் இரண்டே நாளில் வலி போய்விட்டது. அரைச் சென்டிமீட்டர் சொச்சத்துக்கே முழங்கால் பேசுகிறது என்றால், நாலு சென்டிமீட்டர் கூடுதல் அகலமான ஹேண்டில்பாரை ஒருத்தி தலையில் கட்டுவது எவ்வளவு பெரிய தவறு?

சைக்கிள் விற்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். பணத்தை வாங்குவதற்கு முன் ஆளை ஏற்றி உட்காரவைத்து, பத்து நிமிடம் மிதிக்கவிட்டுப் பாருங்கள். அளவு இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். வாங்குகிறவர்களும், குறிப்பாகப் பெண்களும் குள்ளமானவர்களும், கை மரத்தால் நம் உடம்புதான் சரியில்லை என்று வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டாம். நீங்களும் அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக உள்கால் அளவு எடுப்பது எப்படி என்று ஒரு படம் போடுங்கள், ஐயா. சுவரும் புத்தகமும் டேப்பும் போதும்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் உங்கள் வாசகி