கவசம் அணிந்த இளவரசன்

அன்பு மகளுக்கு,

சிற்றோவியம் பழகத் தொடங்கியிருப்பதாக நீ எழுதியிருந்ததைப் படித்ததும், இங்கிலாந்து இளவரசர் ஹென்றியை ஐசக் ஆலிவர் ஏறத்தாழ 1610–12 ஆண்டுகளில் வரைந்த படத்தை நீ பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் உள்ள அந்தப் படத்தின் உயரம் சுமார் 13 சென்டிமீட்டர்தான். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் முட்டை வடிவப் படங்களே வழக்கமாயிருந்த அக்காலத்தில் அது பெரிய படம். பின்னாளில் முதலாம் சார்லஸ் மன்னரின் கலைப்பொருள்களைப் பட்டியலிட்ட ஆபிரகாம் வான் டெர் டோர்ட், ஹென்றியின் சிற்றோவியங்களுள் இதுவே மிகப் பெரியது என்று குறித்திருக்கிறார்.

முதலில் கழுத்துப் பகுதியைப் பார். காற்றில் கலைந்துவிடும் போன்ற லேஸ் பட்டையும், அதற்கு அடியிலேயே பொன்முலாம் பூசிய இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. அக்காலச் சிற்றோவியர்கள் பதப்படுத்திய மெல்லிய தோலின்மேல் நீர்வண்ணத்தால் வரைந்தார்கள். பொன்னைப் பொடித்துப் பிசினில் குழைத்துப் பூசி, காய்ந்த பிறகு சிறு விலங்கின் பல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். ஆலிவரின் ஆசான் நிக்கோலஸ் ஹில்லியர்டு முகத்தில் நிழலைக் கூடியவரை தவிர்த்தவர். மாணவரோ அந்த நிழலைக் கொண்டுதான் முகத்துக்குத் திரட்சி கொடுத்தார். இந்த ஒன்றில் ஆசானை விஞ்சிவிட்டார் என்பேன்.

பின்னணியில் கூடாரங்களும் வீரர்களும் தெரிகிறார்கள். ஹென்றியோ எந்தப் போர்க்களத்தையும் கண்டதில்லை. தந்தை முதலாம் ஜேம்ஸ் 1604இல் ஸ்பெயினோடு சமாதானம் செய்துகொண்டு, அமைதியை விரும்பும் அரசர் என்பதில் பெருமைப்பட்டவர். மகனுக்கோ குதிரை, ஈட்டி விளையாட்டு, கப்பல், கவசம் இவற்றில்தான் ஆசை. தகப்பன் என்பதாலோ என்னவோ, என் மனம் ஜேம்ஸின் பக்கமே சாய்கிறது. ஆனால் ஓவியர் வரைந்தது மகன் ஆக விரும்பிய உருவத்தை.

1612 நவம்பர் 6 அன்று, பதினெட்டு வயதில், ஹென்றி காய்ச்சலில் இறந்தார். அது டைபாய்டு என்று பிற்கால மருத்துவர்கள் கருதினார்கள். அரியணை தம்பி சார்லசுக்குப் போயிற்று. உள்நாட்டுப் போருக்குப் பின் 1649இல் அவர் தலை வெட்டப்பட்டது. அண்ணன் வாழ்ந்திருந்தால் அந்தப் போரே வந்திராது என்பவர்கள் உண்டு. போர்க்கோலத்தை இத்தனை விரும்பிய பையனைப் பற்றி அப்படி உறுதி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைப் படியெடுத்துப் பழகுவதானால், முகத்தைப் பிறகு பார்த்துக்கொள். முதலில் தோள்பட்டையில் இரும்பு வளையும் இடத்தை மட்டும் வரைந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா