ட்ரிக்சிக்கு மாறிவிட்டோம்: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம், கொல்லங்கோடு பக்கத்திலிருந்தும், கேரள எல்லைக்கு அந்தப்புறம் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சியிலிருந்தும் உதவிக்கு வந்த எல்லாருக்கும் வணக்கமுங்க.

நம் பக்கத்துப் பால் சொசைட்டிகளிலும் வாயனசாலைகளிலும் (ஊர் நூலகங்கள்) இருக்கும் கணினிகளுக்காக நாம் பராமரித்து வரும் பேக்கேஜ்கள் (நிறுவத் தயாரான நிரல் பொதிகள்) எல்லாம் இப்போது டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் 13-ஆம் வெளியீடான ட்ரிக்சியில் ஒழுங்காக பில்ட் ஆகின்றன, அதாவது மூல நிரலிலிருந்து கட்டப்படுகின்றன. 2025 ஆகஸ்ட் 9 அன்று ட்ரிக்சி வெளிவந்தபோது அவற்றில் பலவும் பாதி வழியில் நின்றுபோயின. பராமரிப்பாளர் என்று என் பெயர்தான் போட்டிருக்கிறது. ஆனால் பில்ட் ஸ்கிரிப்டுகளைச் சரிசெய்தது யார் யார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டாமா?

முதலில் கொல்லங்கோட்டு டீச்சர். தராசிலிருந்து சீரியல் கேபிள் வழியாகப் பாலின் எடையை வாங்கிச் சீட்டு அச்சடிக்கும் சின்ன சி நிரல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. முந்தைய வெளியீடான புக்வார்மில் (டெபியன் 12) இருந்த ஜிசிசி 12 என்ற கம்பைலர் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கருவி) அதை ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். ட்ரிக்சியில் வரும் ஜிசிசி 14 விடாது. முன்கூட்டி அறிவிக்காத ஒரு ஃபங்ஷனை (நிரலின் ஒரு தனித் துண்டு) கூப்பிட்டால் இப்போது அது பிழை, பில்ட் அங்கேயே நிற்கும். பில்ட் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் ரூல்ஸ் கோப்பில் கம்பைலருக்கு ஒரு ஃபிளாகைச் சேர்த்தால் பிழை மறுபடியும் எச்சரிக்கையாக இறங்கிவிடும், ஒரு வரி வேலைதான். அப்படியே செய்துவிடலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பைலர் வாயைக் கட்டிவிட்டால் நிரல் சரியாகிவிடுமா என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். அறிவிப்பு இல்லாத ஃபங்ஷன் 32 பிட் அளவுள்ள ஓர் இன்ட் எண்ணைத்தான் திருப்பித் தரும் என்று பழைய கம்பைலர் தானாகவே எடுத்துக்கொள்ளும். அந்த ஃபங்ஷன் உண்மையில் தருவது நினைவக முகவரி என்றால், 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டுப் போகும். மறுசீட்டு கேட்டால் மட்டும் நிரல் செத்துப்போகிறது என்று சொசைட்டியில் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் அல்லவா? மறுசீட்டின் வாசகத்தைத் தரும் ஃபங்ஷன் வேறொரு கோப்பில் இருந்தது, அதை அறிவிக்கும் ஹெடர் கோப்பைச் சேர்க்கவே இல்லை. டீச்சர் கோப்பு கோப்பாகப் பார்த்து ஹெடர்களைச் சேர்த்தார். புதிய வெளியீட்டுக்காகச் செய்த வேலையில் பழைய வியாதியும் தீர்ந்தது.

பைத்தான் பக்கத்தைப் பொள்ளாச்சித் தம்பிகள் பார்த்துக்கொண்டார்கள். புக்வார்மில் பைத்தான் 3.11, ட்ரிக்சியில் 3.13. நடுவில் வந்த 3.12-இலேயே பேக்கேஜ் கட்ட உதவும் டிஸ்ட்யூட்டில்ஸ் போய்விட்டது, 3.13-இல் வலைப்பக்கப் படிவங்களைக் கையாளும் சிஜிஐ மாட்யூலும் போய்விட்டது. வாயனசாலையின் நூல் தேடும் பக்கம் சிஜிஐயை நம்பித்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு, கூடவே பழைய செட்டப் கோப்புகளுக்குப் பதிலாக பைபுராஜெக்ட் கோப்புகளும் எழுதிக் கொடுத்தார்கள். கல்லூரித் தேர்வு நேரத்தில் செய்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். (தேர்வு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை.)

அடுத்து, நம் யாரையும் தெரியாத டெபியன் ஆட்களுக்கு ஒரு கும்பிடு. 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை எண்ணி வரும் 32 பிட் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். அதற்காக 32 பிட் ஏஆர்எம் கணினிகளில் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரி ஒன்றை மாற்றினால் அதை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் திரும்ப பில்ட் செய்ய வேண்டும். மாறிய லைப்ரரிகளின் பெயரோடு டி64 என்று ஒட்டினார்கள். லிப்எஸ்எஸ்எல்3 இப்போது லிப்எஸ்எஸ்எல்3டி64. பேக்கேஜுக்கு எவை தேவை என்று சொல்லும் நம் கண்ட்ரோல் கோப்புகளில் பழைய பெயரைக் கையாலேயே எழுதி வைத்திருந்ததால், சொசைட்டிகளில் இருக்கும் சின்ன ஏஆர்எம் போர்டுகளில் பேக்கேஜ் ஏற மறுத்தது. வண்ணாமடை அண்ணன் அந்தப் பெயர்களை எல்லாம் அழித்துவிட்டார். எந்த லைப்ரரி வேண்டும் என்பதை பில்ட் நேரத்தில் டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜி தானே கண்டுபிடித்து எழுதிக்கொள்ளும். புதிதாகப் பேக்கேஜ் கட்டுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள், அண்ணன் இன்னொரு தடவை உட்கார்ந்து அழிக்க மாட்டார்.

ட்ரிக்சியில் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு இயல்பாகவே ராமில் இருக்கிறது, அதுவும் அதிகபட்சம் பாதி ராம் அளவுதான். 4 ஜிபி கணினியில் தமிழ்வழிப் பள்ளிக்கான படத் தொகுப்பு பில்ட் ஆகாமல் நின்ற காரணத்தைக் கண்டுபிடித்தவர் அக்ஷயா சென்டர் (கேரள அரசின் மின்சேவை மையம்) சேச்சி. இப்போது ஸ்கிரிப்ட் வட்டில் உள்ள வார் அடைவுக்குள் இருக்கும் டெம்பைப் பயன்படுத்துகிறது.

சித்தூர் சேட்டனை விட்டுவிட முடியாது. நம் சீட்டில் தலைப்பு மலையாளத்தில் வரும், பால் ஊற்றுகிறவர் பெயர் தமிழில் வரும். பேக்கேஜ் பில்ட் ஆவது ஒன்று, அச்சில் எழுத்து ஒழுங்காக விழுவது வேறொன்று. சேட்டனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. பக்கத்து வீட்டுப் பாட்டியை உட்கார வைத்து ஒவ்வொரு சீட்டையும் வாசிக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்! கொம்பும் காலும் இடம் மாறாமல் வந்திருக்கின்றன என்று பாட்டி சொன்ன பிறகுதான் சரி என்று எழுதி அனுப்பினார். பாட்டிக்கும் நன்றி. மலையாள எழுத்துருக்களைக் கட்டற்றவையாகக் கொடுத்திருக்கும் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்புக்கும் நன்றி.

மாற்றங்களின் பட்டியலான சேஞ்ச்லாக்கை எழுதிய வேலந்தாவளத்து அக்காவுக்கு என் சார்பில் ஒரு தனி நன்றி. எந்த வரி மாறியது என்பதோடு ஏன் மாறியது என்பதையும் எழுதியிருக்கிறார். டெபியன் 14 வரும்போது அதைத்தான் முதலில் திறப்பேன்.

ஒரு விஷயம் பாக்கி. வாயனசாலைகளில் 32 பிட் பழைய கணினிகள் இன்னும் ஓடுகின்றன. ட்ரிக்சியில் அவற்றுக்கு கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிடையாது, இன்ஸ்டாலரும் கிடையாது. புக்வார்முக்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு என்பதால் அவை அங்கேயே இருக்கட்டும். அதுவரை புக்வார்முக்கும் தனியாக பில்ட் செய்து தரும் பொறுப்பை எருத்தேம்பதித் தம்பி எடுத்துக்கொண்டிருக்கிறார். பழைய கணினி வைத்திருப்பவர்கள் இனி என்னைக் கூப்பிட வேண்டாம், அவரைக் கூப்பிடுங்கள். நன்றி தம்பி.