கேள்வி கேட்கத் தறிக்காரரையும் அழையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். செயற்கை நுண்ணறிவும் வேலைவாய்ப்பும் பற்றிப் பொருளியல் பேராசிரியர் ஒருவருடன் தங்கள் நாளிதழ் நடத்திய உரையாடலைப் படித்தேன். 2024-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் டேரன் அசெமோக்லுவும் சைமன் ஜான்சனும், புதிய இயந்திரத்தின் பலன் தொழிலாளிக்குத் தானாக வந்து சேராது என்கிறார்கள். அதை நான் கண்ணால் கண்டவன். எங்கள் தெருவில், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இல்லாமலே வேகமாக நெய்யும் தறி வந்ததும் துணி கூடியது, கூலி கூடவில்லை. பழைய தறியின் நாடாவில் நூல் தீரத் தீர, தார் எனும் நூல் சுற்றிய குச்சியை இருபது வருடம் மாற்றிப் பழகிய பக்கத்து வீட்டு அண்ணன், இன்று இரவுக் காவலுக்குப் போகிறார்.

அறிஞர்கள் பேசட்டும், சரி. கேள்வி கேட்பவர் எப்போதும் நிருபராகத்தான் இருக்க வேண்டுமா? அடுத்த உரையாடலில் ஒரு தறித் தொழிலாளியையும் எதிரில் உட்கார வையுங்கள். அவர் கேட்பதையும் பேராசிரியர் சொல்லும் பதிலையும் அப்படியே அச்சிடுங்கள்.

– வாசகர், சோமனூர்